சந்து முனைக் கரும்பலகை

"ஈரத்துணி எங்க?" என்று கேட்டார் என் கணவர். நேற்றைய செய்தியை அழித்துவிட்டு இன்றையதை எழுத வேண்டும். நான் துணியைப் பிழிந்து கொண்டுபோனபோது லிப்டுக்கு எதிரே, கரும்பலகையின் அடியில் விழுந்து கிடந்தார். கையில் சாக்கட்டி இருந்தது. மூச்சு இல்லை.

கிர்காவ் பேட்டையில் எங்கள் சந்து முனையில் நாற்பது வருடம் அந்தப் பலகையில் எழுதியவர் அவர், மதுகர் நாகவேகர். யார் பிள்ளை பாஸ், என்றைக்குத் தண்ணீர் வராது, யார் இறந்தார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். வீட்டார் வந்து சொன்னால்தான் சாவை எழுதுவார். அவர் எழுதும்வரை எங்கள் சந்தில் யாரும் செத்ததாக ஆகாது.

சந்து முழுவதையும் இடித்துச் சுரங்க மெட்ரோ நிலையம் கட்டினார்கள். நான்கு வருடத்தில் திரும்பலாம் என்று சொல்லி எங்களைத் தொலைவில் குர்லாவில் ஒன்பதாம் மாடிக்கு அனுப்பினார்கள். எட்டு வருடமாகிறது. பலகையை அவர் தோளில் சுமந்து வந்தார். அங்கே அதைப் படிக்க நானும் பால்காரரும்தான்.

அண்ணி முறையில் என்னை வஹினி என்று கூப்பிடும் பழைய பக்கத்து வீட்டுக்காரன் திகம்பர் கீழ்மாடியிலிருந்து ஓடி வந்தான்.

"வாட்ஸப்ல போட்டுட்டேன் வஹினி. எல்லாரும் நேரா மயானத்துக்கு வந்துடுவாங்க."

"ஊர்ச் சாவெல்லாம் பலகையில எழுதினவர். அவர் சாவு மட்டும் போன்லயா? பலகையத் தூக்கு. சந்து முனையிலேர்ந்துதான் எடுக்கணும்."

"அங்க சந்தே இல்லையே?"

"முனை இருக்கு."

புருஷன் கிடக்கையில் பெண்டாட்டி வெளியே போவதா என்று அவன் அக்கா முணுமுணுத்தாள். அவளை அவருக்குக் காவல் வைத்துவிட்டுப் போனேன்.

கிர்காவ் மெட்ரோ வாசலில் கம்பித் தடுப்பின்மீது பலகையைச் சாய்த்தோம். காவலாளி வந்து சித்தி முறை வைத்துப் பேசினான்.

"மாவ்ஷி, இங்க எதுவும் வைக்கக்கூடாது. அனுமதிக் கடிதம் இருக்கா?"

"எதுக்கு? சாகறதுக்கா?"

எழுதினேன். மதுகர் நாகவேகர் காலமானார். இறுதி ஊர்வலம் இங்கிருந்து, மாலை நான்கு மணி. அவர் எழுத்து அச்சுப்போல நிற்கும், என்னுடையது சரிந்தது. காவலாளி கையால் அழித்தான். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தான்.

எதிர்ச்சாரியில் மீன் விற்கும் குந்தா கூடையோடு வந்து நின்றாள். "இன்னொரு தடவ அழிச்சுப் பாரு. உன் பேரையும் அதுல எழுதிடுவா!"

சுற்றிச் சேர்ந்த கூட்டம் சிரித்தது. நான் மூன்றாம் முறை எழுதினேன். மேலதிகாரி படியேறி வந்து, முழுதும் படித்தார்.

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"பதிமூணு நாள்."

"அம்மா, அதெல்லாம்..."

"அழிக்கறதுன்னா நீங்களே அழிங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் காவலாளியைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

நான்கு மணிக்குக் குர்லாவிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தது. நகரும் படிக்கட்டுக்கு எதிரே அவரை இறக்கி வைத்தோம். திகம்பர் இடத்தை மாற்றி மறுபடி செய்தி போட்டிருந்ததால், தூரத்துத் தாணேயிலிருந்தும் விராரிலிருந்தும் பழைய குடித்தனக்காரர்கள் அங்கேயே வந்திருந்தார்கள். வந்தவர்கள் முதலில் பலகையைப் படித்தார்கள், அப்புறம்தான் அழுதார்கள்.

பெண்கள் இங்கேயே நிற்கலாம் என்றார் ஒருவர். நான் நிற்கவில்லை. அந்த முனையிலிருந்து சந்தன்வாடி மயானத்துக்கு, நடந்தால், இப்போதும் பத்து நிமிடம்தான்.