முழங்காலில் சொன்னது

சாயங்கால ஜெபத்தில் மூத்த மகளான பெரியவளின் முறை வந்தது. "எனக்கு இன்னிக்கு ஒண்ணுமில்ல இயேசப்பா, ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். பேருந்தில் சீட்டு கேட்டு வருபவரிடம் 'வாங்கியாச்சு' என்று சொல்வது போல இருந்தது குரல்.

அவள் அப்பாவான சாரக்காரன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பத்து வயதுப் பெண், முதுகை நிமிர்த்தி, கையைக் கூப்பி, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி முழங்காலிட்டிருந்தாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அழுதிருந்தால், முறைத்திருந்தால், ஏதாவது பேசியிருக்கலாம். இதில் எங்கே பிடித்து இழுப்பது?

அந்த வீட்டு ஜெபம் அப்படி நடக்கிற ஜெபமல்ல. பெரியவள் பேசப் பழகிய காலத்தில், பிள்ளைகளுக்கு விசுவாசத்தை வீட்டில்தான் ஊட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று போதகர் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டு வந்து அவன் திருதிருவென்று விழித்தான். அவன் மனைவிக்காவது பாட்டு வரும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை தேய்க்கும்போதுகூட ஞானப்பாட்டை முணுமுணுப்பவள் அவள். அவனுக்குப் பாட்டும் வராது, வசனமும் நிற்காது. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவனுக்குத் தெரிந்தது குழாயும் பலகையும் அவற்றை முடுக்குகிற கிளாம்பும்தான்.

ஆனால் அவன் வேலைக்கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் எல்லோரும் இறங்கி வந்து, சாமான்கள் பெட்டிக்குள் போவதற்கு முன்னால், அன்றைக்குத் தன் கையால் கெட்டுப் போனதை ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். "கிளாம்ப் ஒண்ணு வளைஞ்சு போச்சு." "மூணாவது மாடியில நான் மிதிச்ச பலகை வெடிச்சிருக்கு." அங்கே சொன்னதற்குத் திட்டு கிடையாது, தண்டனை கிடையாது. திட்டுக்குப் பயந்து ஒருத்தன் வெடித்த பலகையை மறைத்தால், மறுநாள் அதில் கால் வைப்பவன் வேறொருத்தன். மறைத்தது பின்னால் தெரிந்தால் மட்டும் மேஸ்திரி சும்மா விடமாட்டார்.

சாரக்காரன் அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் பாயில் முழங்காலிட வேண்டியது. அன்றைக்குச் செய்த தப்பை ஆளாளுக்கு ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது. எழுந்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, குத்திக் காட்டிச் சிரிக்கவும் கூடாது.

நன்றாகத்தான் நடந்தது. கண்ணாடி டம்ளர் போன இடம், பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி கவிழ்ந்த விதம், எல்லாம் அந்தப் பாயில்தான் வெளிவந்தன. ஐந்து வயதுச் சின்னவனுக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. "இயேசப்பா, அக்கா என் பென்சில எடுத்துட்டா, அவளை மன்னிச்சிடும்" என்பான். "உன்னுதைச் சொல்லுடா, ஊராருதைச் சொல்லாத" என்று அம்மா கண்ணைத் திறக்காமலே அதட்டுவாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பெரியவள் வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"இயேசப்பா, எங்கப்பா இன்ஜினியர்னு வகுப்புல சொல்லிட்டேன். இன்னிக்கு அப்பா என் குடையைக் குடுக்க வேலைச் சட்டையோட ஸ்கூல் வாசல்ல நின்னாங்க. யாருடின்னு கேட்டாளுங்க. ஏணி ரிப்பேர் பண்ண வந்த ஆளுன்னு சொன்னேன். தப்பு. மன்னிச்சிடும்."

ஆமென் சொல்லும் முன்பே அவன் கை நீண்டுவிட்டது. முழங்காலில் இருந்த பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்துகொண்டே குடையை மட்டும் நனையாமல் கொண்டுபோனவன் அவன். மகள் அங்கே சிரித்துக்கொண்டே குடையை வாங்கிக்கொண்டாள். அதுதான் கண் முன்னால் நின்றது.

மறுநாள் சாயங்காலம் பெரியவள் தானாகவே வந்து முழங்காலிட்டாள். "எனக்கு இன்னிக்கு ஒண்ணுமில்ல, ஆமென்." அன்றிலிருந்து அதே வார்த்தைதான்.

முதலில் அவன் அதட்டிப் பார்த்தான். "ஒருநாள்கூடத் தப்பே செய்யாத ஆளா நீ? தேவதையா?" என்றான். "ஆமாம்ப்பா, நல்ல பிள்ளையா இருக்கேன்" என்று பதில் வந்தது. பிறகு போதகரிடம் போய்ச் சொன்னான். அவர் சிரித்தார். "உங்க மகளா? ஞாயிறு வகுப்புல அவதான் முதல். ஒரு வசனம் விடாம ஒப்பிக்கிறா. நீங்க ஏன் கவலைப்படுறீங்க?"

அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் அவனுக்குப் பயமே வந்தது. வசனமெல்லாம் வாயிலே இருக்கும். உள்ளே இருப்பது ஒன்றும் வெளியே வராது. அப்படியே வளர்ந்துவிடுவாள். அப்படி வளர்ந்தவர்களை அவன் கோயிலில் நிறையப் பார்த்திருக்கிறான். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவ மனக்கதவைச் சாத்தினது யாருங்க?"

"அதுக்குத்தான் சொல்றேனே, கை நீட்டினது தப்புன்னு."

"யார்கிட்ட சொல்றீங்க? என்கிட்ட. நானா அடி வாங்கினேன்?"

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

அந்த வாரத்தில்தான் வேலையிடத்தில் அது நடந்தது. உயரத்தில் வேலை செய்பவன் ஸ்பேனரைக் கயிற்றால் இடுப்புப் பட்டையோடு கட்டியிருக்க வேண்டும். நான்காவது மாடி மூலையில் ஒரு கிளாம்பை முடுக்கும்போது கயிறு சிக்கிச் சிக்கித் தொந்தரவு செய்ததால் அவன் அவிழ்த்துவிட்டான். ஸ்பேனர் வழுக்கியது. கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்த பூச்சுக்காரரின் காலடியில், மணலில் குத்தி நின்றது. ஒரு சாண் தள்ளியிருந்தால் மண்டை போயிருக்கும்.

"எவன்டா அது?" என்று மேஸ்திரி கீழிருந்து கத்தியபோது சாரக்காரனின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கை மட்டும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தூணில் தொங்கிய பொதுப் பைக்குள் நுழைந்து, அங்கே கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டது. அது கூட வேலை செய்யும் நெட்டையனுடையது. பலகை எடுக்கப் போனவன் பையில் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

மேஸ்திரி மேலே ஏறி வந்து ஒவ்வொரு இடுப்பாகப் பார்த்தார். நெட்டையன் இடுப்பு வெறுமையாக இருந்தது.

"பையில போட்டேன் மேஸ்திரி, சத்தியமா."

"பை காலியா இருக்கேப்பா. ஸ்பேனருக்குக் கால் முளைச்சு ஓடிச்சா? போன மாசம் ஹெல்மெட்டைக் கீழ போட்டவன்தானே நீ?"

நெட்டையனை அன்றைக்கே கீழே அனுப்பிவிட்டார்கள். கீழ் வேலை என்றால் நாள் முழுக்கக் குழாய் சுமப்பது. தோள் பிய்ந்துவிடும். அதைவிட, மேலே ஏறியவனைக் கீழே நிறுத்திவிட்டால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட, "என்ன அண்ணே, உயரம்னா தலை சுத்துதா?" என்று கேட்டுவிட்டுப் போவான். சாயங்காலம் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றபோது சாரக்காரனின் முறை வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றான்.

அன்று இரவு ஜெபத்தில் அவன் சொன்னது, "ஆண்டவரே, இன்னிக்குக் கோபப்பட்டுட்டேன், மன்னிச்சிடும்" என்பது. யார் மேலும் அவன் கோபப்பட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசற்படியில் உட்கார்ந்து வேலைப் பூட்சில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பெரியவள் பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"இங்க உக்காரு."

உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அடிச்சது தப்புதான். நான் போட்ட சட்டத்தை நானே மீறிட்டேன். போதுமா?"

"சரிப்பா."

"சரின்னா? அப்புறம் ஏன் ஜெபத்துல வாயைத் திறக்க மாட்டேங்கிற?"

அவள் பூட்சின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று பார்க்கிறாள் என்பது தெரிந்தது. அவன் கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்தான்.

"அடிக்கமாட்டேன். சொல்லு."

"நீங்க என்னப்பா சொல்றீங்க ஜெபத்துல?"

"என்ன சொல்றேன்?"

"தினமும் கோபப்பட்டேன், மன்னிச்சிடும்னு. தம்பிக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அம்மா, யாரையோ மனசுக்குள்ள திட்டினேன்னு. மழை வருது, வெயில் அடிக்குதுன்னு சொல்ற மாதிரி சொல்றீங்க." கயிற்றை விரலில் இறுக்கினாள். "நான் மட்டும்தான் நிஜமா சொன்னேன். எனக்குத்தான் அடி."

"பெரியவங்களுக்கு..." என்று ஆரம்பித்தான். பெரியவர்களுக்கு என்ன? சுரண்டியை எடுத்துக்கொண்டான். "சரி, போய் உன் பாடத்தைப் பாரு."

அன்று சாயங்காலம் பாய் விரித்தார்கள். சின்னவன் முதலில். "இயேசப்பா, தம்பிப் பாப்பா வேணும்னு அம்மாகிட்ட கேட்டேன், உதை வேணுமான்னு கேட்டாங்க, அம்மாவை மன்னிச்சிடும்." அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. அவள் தன்னுடையதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள். பெரியவள் தன் வழக்கமான வரியைச் சொன்னாள். கடைசி முறை அவனுடையது.

கோபம் என்ற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

"ஆண்டவரே, என் ஸ்பேனர் கீழ விழுந்துச்சு. கயித்தை நான்தான் அவிழ்த்து விட்டிருந்தேன். ஒரு மனுஷன் செத்திருப்பான். கேட்டப்போ நான் சொல்லல. நெட்டையனோட ஸ்பேனரை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டேன். அவனைக் கீழ தள்ளிட்டாங்க. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். தினமும் அவன் குழாய் சுமக்கிறான், நான் மேலேயிருந்து பார்க்கிறேன்." மூச்சு வாங்கியது. "மன்னிச்சிடும்."

சின்னவன், "ஸ்பேனர்னா என்னம்மா?" என்று கேட்டான். "ஆமென் சொல்லு" என்றாள் அம்மா.

எழுந்தார்கள். மனைவி தட்டுகளை வைத்தாள். பெரியவள் தண்ணீர் ஊற்றினாள். ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சட்டம் அப்படி. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதிலுக்கு நான்கு வார்த்தை சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான். 'போய்ச் சொல்லிடுங்க' என்று மனைவி சொல்லியிருந்தால், 'உனக்கென்ன தெரியும், வேலையிட நிலவரம்' என்று சீறியிருப்பான். அவள் சொல்லவில்லை. காலையிலும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள், அவ்வளவுதான். பெரியவள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்ப்பா" என்றாள். அந்த முகத்தில் கேள்வி இருக்கிறதா என்று தேடினான். இல்லை. வழி நெடுக அதுவே குடைந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி சாமான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். சாரக்காரன் நேராகப் போய்ச் சொன்னான். அவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்குச் சாயங்காலமே சொல்லியிருந்தா ஒண்ணுமே இல்லையேய்யா. நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு? இத்தனை வருஷம் வேலை செஞ்சவன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

மேஸ்திரி அவன் இடுப்புப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். நெட்டையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். விஷயத்தைக் கேட்ட நெட்டையன் சாரக்காரனை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்லா ஜெபம் பண்ணுவியாமே நீ. பெரிய பக்திமான்னு சொன்னாங்க."

"தப்புதான்ப்பா."

"என் தோளைப் பாரு." சட்டையை விலக்கிக் காட்டினான். தோல் உரிந்து கன்றிப் போயிருந்தது. "உன் தப்பு இதுக்கு மருந்து போடுமா?" காறித் துப்பிவிட்டு ஏணியில் ஏறிப் போனான். அன்று முழுக்க அவன் கேட்கிற ஒவ்வொரு குழாயையும் சாரக்காரன்தான் தூக்கிக் கட்டி அனுப்பினான். போதும் என்று தோன்றும்போதெல்லாம் மேலேயிருந்து இன்னொன்று கேட்டான் நெட்டையன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. மனைவி வந்து கழற்றிவிட்டாள். தோளைப் பார்த்தாள். எண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்தாள். அப்போதும் எதுவும் கேட்கவில்லை. பெரியவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபத்தில் அவன் சொல்ல அதிகம் இருக்கவில்லை. "ஆண்டவரே, நெட்டையன் என்கூடப் பேசமாட்டேங்கிறான். அவன் பேசாம இருக்கிறது நியாயம்தான். அதை நான் பொறுத்துக்கணும்." அவ்வளவுதான்.

பெரியவள் அன்று கடைசியாக வைத்துக்கொண்டாள். நெடுநேரம் குனிந்திருந்தாள். சின்னவன் நெளிய ஆரம்பித்தான்.

"இயேசப்பா," என்றாள். குரல் ஒப்பிக்கிற குரலாக இல்லை. "அப்பா அடிச்சதுல இருந்து எனக்கு அப்பாவைப் பிடிக்கல. அப்பா சாரத்துல இருந்து விழுந்துடணும்னு ஒருநாள் நினைச்சேன். நிஜமா நினைச்சேன். நேத்து அந்த ஸ்பேனரைப் பத்திக் கேட்டதும், நான் நினைச்சது நடந்துடுமோன்னு பயந்துட்டேன். இன்னும் கொஞ்சம் பிடிக்காம இருக்கு. அதை எடுத்துடும். ஆமென்."

சாரக்காரனுக்குத் தோள் வலி மறந்துபோனது. நெஞ்சுக்குள் யாரோ குழாயை இறக்கியது போலிருந்தது. பெற்ற பிள்ளை விழுந்து சாகட்டும் என்று நினைத்திருக்கிறது. அவன் இரண்டு கைகளையும் தொடையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டான். மனைவி கண்ணைத் திறந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமென்" என்றான் அவன்.

எழுந்தார்கள். அவன் பாயைச் சுருட்டப் போனான். தோள் இழுத்தது, பாதியில் விட்டுவிட்டான். பெரியவள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகச் சுருட்டி மூலையில் சாய்த்து வைத்தார்கள்.

"சாப்பாடு ஆறுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வரோம்" என்றான்.