கூறு வைத்த வெண்மான்

காவிரி கடலைச் சேருமுன் பல கிளைகளாய்ப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் இளைத்து, இறுதியில் ஆறென்றும் வாய்க்காலென்றும் சொல்லவொண்ணாச் சேற்றுக்கோடாய் உவர்நிலத்துள் மறையும் அதிராம்பட்டினத்துக் கரையோரத்தை அறிந்தவர், நாணற்குடி என்னும் சிற்றூரையும் அறிந்திருக்கலாம். அங்கே நெல் முடிகிறது, உழாத கரம்பு தொடங்குகிறது. தை பிறந்து அறுவடை ஓய்ந்த ஒரு பிற்பகலில், தாள் மட்டும் நின்ற வயல்கள் மழித்த தலைபோல் வெளிறிக் கிடக்க, கடலிலிருந்து எழுந்த காற்று உவர்மண்ணை வாரி ஊர்மேல் தூற்ற, உடைமரமும் ஈச்சம்புதரும் செறிந்த அக்கரம்பில், புதிதாய்ப் போட்ட முள்வேலிக்கு உட்புறம், வெண்மான் ஒன்று தலை தாழ்த்தி நின்றது. வெயிலில் அதன் கண்கள் கூசின. பிறவியிலேயே நிறம் கொள்ளாத அவ்வுயிருக்குப் பார்வையும் அரைகுறையாகவே வாய்த்திருந்தது.

வேலிக்கு வெளியே ஈச்சம்புதரின் நிழலில், கையில் ஈட்டியுடன் மருதையன் குந்தியிருந்தான். வயல் வேலைக்குக் கூலியாய்ச் செல்பவன். கண்ணி வைக்கவும் தடம் பார்க்கவும் அவ்வூரில் அவனுக்கு நிகர் இல்லை. அக்கரம்பில் மேயும் வெளிமானின் இறைச்சியைப் பலமுறை தின்றவன். அதற்காக ஒருநாளும் வருந்தாதவன். ஆயினும் காலையிலிருந்து அவன் ஈட்டியை ஓங்கவில்லை.

கரம்பு பெருநிலக்கிழார் இராசாங்கத்துக்கு உரியது. அறுப்பு முடிந்ததும் விருந்தினரை வரவழைத்து, கூலியாட்களைப் பறையடித்துப் புதர் கலைக்கச் செய்து, வெருண்டோடும் மான்களைச் சுட்டு வீழ்த்துவது அவர் வழக்கம். கூட்டங்கூட்டமாய்த் திரிந்தவை அவ்வாறே தீர்ந்தன. அவற்றின் முறுக்குக்கொம்புகள் அவர் கூடத்துச் சுவரை நிறைத்தன. எஞ்சியது இவ்வெண்மான். அதை அவர் அருளால் விடவில்லை. குறி தப்பியதால் விட்டார்.

அந்நாளில் ஆட்சி மாறியிருந்தது. மேடைகளில் தமிழ் முழங்கிக் கோட்டைக்குச் சென்றோர், ஒருவர் இவ்வளவு நிலமே வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டினர். மிஞ்சியது நிலமற்றோர்க்கு என்றனர். கூலியை உயர்த்திக் கேட்டமைக்காக இராசாங்கத்தின் ஆட்களால் குடிசைகள் பிய்த்தெறியப்பட்டு, வாய்க்கால் கரையில் ஓலை மறைப்புகளில் ஒண்டிக்கிடந்த கீழத்தெருவார், மருதையன் உட்பட, கரம்பு தமக்கு வரும் என்று காத்திருந்தனர். இராசாங்கமோ திடுமென அருளாளர் ஆனார். கரம்பைத் தாம் மானுக்கென விட்டுவிட்டதாகவும், காண்டற்கரிய வெண்மான் அங்கே வாழ்வதாகவும், அதைக் காப்பது தம் கடன் என்றும் முறையிட்டு வேலியும் போட்டார். அலுவலர் நேரில் வந்து மானைக் கண்டு தீர்ப்பதாய் முடிவாயிற்று. மான் இருந்தால் நிலம் அவருக்கு, இல்லையேல் கீழத்தெருவுக்கு.

முந்தைய நாள் மாலை கரைமேல் கூடிய ஊரார் அனைவரும் மருதையனையே நோக்கினர். மானைக் கொல்ல அவன் மறுத்தான். அது ஓடாது என்றான். மற்ற மான்களின் குளம்போசையைப் பற்றிக்கொண்டே ஓடிப் பழகிய உயிர், துணையெல்லாம் மாண்டபின் எந்தக் காலடி கேட்டாலும் தன் இனமென்று எண்ணி அருகே வருகிறது. ஓட வல்லதைக் கொல்வது வேட்டை, தேடி வருவதைக் கொல்வதற்குத் தன்னிடம் பெயரில்லை என்றான்.

கூலியாட்களை ஒன்றுதிரட்டி நடத்திய கண்ணுசாமி எழுந்தான்.

"வேட்டை யாருக்கு வேணும், மருதையண்ணே? எங்களுக்கு மனைக்கட்டு வேணும். அந்தாளு காலம்பூரா சுட்டுத் தின்னப்போ மானோட அருமை தெரியல, சட்டம் வந்ததும் தெரியுது. மானுக்கு வேலி போட்டுட்டான். நம்ம பிள்ளைங்களுக்கு வாய்க்காக் கரை."

மருதையன், மான் செய்த பிழை என்ன என்று மட்டும் கேட்டான். நாங்கள் மட்டும் பிழை செய்தா கரைக்கு வந்தோம் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள், பலரும் சிரித்தனர்.

அவன் மனைவி தங்கம்மாள் அடுப்படியில் அதனினும் ஆழமாய்ச் சொல்லால் தைத்தாள். பழுப்பு மான்களைத் தோலுரித்தபோது எட்டிப்பாராத இரக்கம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"இந்தாய்யா, வெளுப்பா இருந்தா உனக்கும் கும்பிடத்தான் தோணுதா?"

அச்சொல் அவனுள் தங்கிற்று. அரிதென்பதால் ஓர் உயிர் மற்றோர் உயிரினும் மேலாகுமோ? செத்த பலவற்றுக்கு அழாதவன் எஞ்சிய ஒன்றுக்கு அழுவது இரக்கமோ, நிறத்தின்முன் குனிந்து குனிந்து முதுகு கற்ற பழக்கமோ? விடை காணாமலே விடியலில் ஈட்டியை எடுத்து வந்திருந்தான்.

இப்போது கால் மரத்துப் போகவே எழுந்தான். சருகு நொறுங்கிற்று. மான் தலை நிமிர்த்தி, வேலியை நோக்கி நடந்து வந்து, முள்ளுக்கு இடையே மூக்கை நீட்டி அவனை முகர்ந்தது. அதன் மூச்சு அவன் மணிக்கட்டில் பட்டது. போ என்று மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தான். துள்ளி விலகிய மான், அவன் கால் மாற்றி நின்ற ஓசை கேட்டு மீண்டும் வந்தது. அவனுக்குச் சினம் மூண்டது: ஓடாத மான்மீது, ஏவிய ஊர்மீது, ஏவலுக்கு இசைந்த தன்மீது. அச்சினம் தணியுமுன் குத்தினான்.

நாணற்குடியில் வேட்டைக்கு ஒரு முறை உண்டு. போகச் சொன்னவர் வீடுதோறும் ஒரு கூறு. கூறு கொண்டவர் கொலையிலும் கூறு கொண்டவர். பழி கொன்றவன் தலையில் மட்டும் நில்லாது. மருதையன் மானைத் தோளில் சுமந்து, மறைக்காமல், பொழுது சாயுமுன் கரையேறினான். பனையோலை பரப்பி, உரித்து அறுத்து, வீட்டுக்கொன்றாய்க் கூறு வைத்து அமர்ந்தான். எவரும் வரவில்லை. ஒருத்தி சூல்கொண்ட மகளை மறைப்புக்குள் தள்ளினாள். அது கடவுளின் ஊர்தி என்று முணுமுணுத்த முதியவர், முந்தைய நாள் கூட்டத்தில் கண்ணுசாமியின் பேச்சுக்கு உரக்கக் கைதட்டியவர்.

கண்ணுசாமி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"பொதைச்சிடுங்கண்ணே. வேலை முடிஞ்சுது. இத ஏன் பரப்பி வைக்கிறீங்க?"

"கொல்லச் சொன்ன வாயி திங்க மாட்டேங்குதா?"

"தின்னா தோஷம்னு பயப்படுறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

"அவங்கள விடு. ஒன் கூறு எது, எடு."

"எனக்குக் கறி ஒத்துக்கிறதில்ல."

"பொங்கலுக்கு ஒத்துக்கிச்சே."

கண்ணுசாமி அகன்றான். அவன் போன வழியே தங்கம்மாள் வந்தாள். ஒரு கூறைச் சட்டியில் எடுத்து, சொன்னவள் நானும்தான் என்று சொல்லி, அடுப்பை மூட்டப் போனாள்.

அவ்வேளையில் இராசாங்கத்தின் ஏவலாள் ரெத்தினம் கரைமேல் தோன்றினான். தடியடி வருகிறதென்று ஊரார் ஒடுங்கினர். அவன் கேட்டது வேறு.

"தோலு கிழியாம இருக்கான்னு அய்யா பாத்துட்டு வரச் சொன்னாங்க. பாடம் பண்ணிக் கூடத்துல மாட்டணுமாம்."

மருதையன் எழுந்தான். பின், மடித்து வைத்திருந்த தோலை அவன் காலடியில் விரித்து, கத்தியால் நெடுக்கிலும் குறுக்கிலும் கிழித்தான்.

"கிழிஞ்சிருக்குன்னு போய்ச் சொல்லு."

எஞ்சிய கூறுகளைக் கரைக்கு அப்பால் புதைத்தான். மண்வெட்டி பிடிக்கவும் ஒரு கை வரவில்லை.

அலுவலர் வந்தார், வெறும் வேலியைக் கண்டார், கரம்பு கீழத்தெருவுக்கு ஆயிற்று. அளவுக்கயிறு பிடித்து நிலத்தைப் பங்கிட்ட அன்று எவரும் பின்தங்கவில்லை. மருதையனும் தன் பங்கைக் கொண்டான். வேண்டாமென்று சொல்லத் தான் யார் என்று எண்ணினான். வண்டல் ஏற்றி, உவர் கழுவி, சில ஆண்டுகளில் அங்கே நெல் தலைசாய்ந்தது.

பசி ஆறிய ஊர் மானை நினைக்கத் தொடங்கிற்று. களத்துமேட்டில் இளைப்பாறுவோர், முன்பு இங்கே பாலே உருவான வெண்மான் ஒன்று இருந்ததென்றும், அதை இராசாங்கம் சுட்டுக்கொன்றாரென்றும் சொல்லிப் பெருமூச்செறிந்தனர். அத்தனை மான்களைச் சுட்டவர்மேல் இன்னொன்று எளிதாய் ஒட்டிக்கொண்டது. அது காதில் விழும்போதெல்லாம் மருதையன் கையிலுள்ள வேலையை நிறுத்துவான்.

"அவரு சுடல. நான் குத்துனேன். நீங்க சொன்னீங்க."

முதலில் சிரித்து மழுப்பினர். பிறகு எரிந்து விழுந்தனர். பிறகு பேச்சையே விட்டனர். அவன் வயலுக்கு நடவாள் வரவில்லை. அவனும் தங்கம்மாளுமே குனிந்து நட்டனர். ஒருமுறை இரவல் ஏர் கேட்டுப் போனவனைக் கண்ணுசாமி, உன் வாய்க்கு ஏர் ஒரு கேடா என்று திருப்பி அனுப்பினான். மானைக் கொன்றதற்காக அவனை எவரும் வெறுக்கவில்லை. கொன்றதை மறக்கவிடாததற்காகவே வெறுத்தனர்.

வேறு வழியின்றிச் செய்த தீங்கை, வேறு வழியில்லை என்று சொல்லிச் சுமக்கலாம். தீங்கன்று என்று சொல்லி இறக்கிவைக்கலாகாது. மருதையன் இதை இச்சொற்களில் அறியான். சுமந்தான், அவ்வளவே. அவனைக் கண்டு முகம் திருப்பி நின்றோரின் நெல்லும் அவன் நெல்லும் ஒரே வாய்க்காலில் நீருண்டு, ஒரே கடற்காற்றில் ஒருபுறமாய்ச் சாய்ந்து, வேற்றுமை தெரியாமல் பழுத்தன.