இறங்காத பயணம்

நெவில் இறந்து ஐந்து வாரம் ஆகியும் தினமும் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி ரோவீனாவின் கைபேசி அப்படித்தான் சொன்னது. பேருந்தில் தட்டுகிற இருவரின் வங்கி அட்டைக் கணக்கும் அவள் கைபேசியில்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் மாலை மூன்று நாற்பதுக்கு, நெவிலின் பெயருக்கு நேரே ஒரு வரி வந்து விழும். ஏறிய இடம்: சந்தை நிறுத்தம். இறங்கிய இடம்: வெறும் கோடு. இறங்கியதாகப் பதிவாகாதவர்களிடம் நாளின் உச்சவரம்புக் கட்டணத்தை முழுதாகப் பிடித்துக்கொள்வார்கள். அதையும் பிடித்திருந்தார்கள். நெவிலின் அட்டையோ சமையலறையில், பிஸ்கட் டப்பாவுக்குள், பழைய பேட்டரிகளோடு கிடந்தது. முதல் வாரம் அவள் தினமும் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பிறகு திறக்கவே பயமாயிருந்தது.

உயிரோடிருந்தபோதும் அவன் தட்டிவிட்டு இறங்கியவனில்லை. ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் கருவியில் அட்டையைத் தட்ட வேண்டும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். நெவில் வீடுகளில் சமையலறை அலமாரி பொருத்துகிறவன். காலையிலிருந்து நாலைந்து வண்டி மாறுவதில் மூன்று மணிக்குள் உச்சவரம்பைத் தொட்டுவிடுவான். அதற்கப்புறம் எவ்வளவு தூரம் போனாலும் காசில்லை. உடனே வீட்டுக்கு வராமல், ஸ்டோன்ஷாவுக்குப் போகிற இரட்டைமாடி வண்டியின் மாடியில் முன்வரிசை இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, மலைமேட்டின் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு அதே வண்டியில் திரும்புவான்.

"இறங்கும்போது தட்டினா கை தேஞ்சா போயிடும்?" என்பாள் அவள்.

"லிமிட்டுதான் தொட்டாச்சே ரோ. இனிமே நான் இறங்கினா என்ன, இறங்காட்டி என்ன?"

"நீ எங்க இறங்கினேன்னு அந்த மெஷினுக்குத் தெரிய வேணாமா?"

"அதுக்கு என்னைப் பத்தி எல்லாமே தெரியணுமாக்கும். நீ ஒருத்தி தெரிஞ்சுக்கிட்டுப் படுத்துறது போதாதா?"

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் கீழிருந்து குரல் கொடுத்தபோது மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். மாடிப் படியில் தூக்குக் கட்டிலைத் திருப்ப முடியாமல் வெகுநேரம் சிரமப்பட்டார்களாம்.

வியாழனன்று நெவிலின் தங்கை பெவர்லி இஞ்சிக் கேக்கோடு வந்தாள். ரோவீனாவின் கைபேசியை எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"எவனோ கார்டைக் காப்பி அடிச்சிருக்கான். வேற ஒண்ணுமில்ல."

"அடிச்சவன் தினமும் மூணு நாப்பது வண்டியில மட்டும்தான் போவானா?"

"திருடனுக்கும் வேலைவெட்டி இருக்காதா? விடு அண்ணி. நாளையோட பேங்க்ல கார்டை நிறுத்துறாங்கல்ல, தன்னால நின்னு போயிடும்."

"அதான் பெவ் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"நிறுத்திட்டா அப்புறம் எதை வச்சு அவன் இறங்குவான்?"

பெவர்லி கேக்கை மெல்லுவதை நிறுத்தினாள். "நீ சரியாவே தூங்கலை," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ரோவீனா சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நெவிலின் அட்டையை வலது கையுறைக்குள்ளும் தன்னுடையதை இடதிலும் செருகிக்கொண்டு சந்தை நிறுத்தத்துக்குப் போனாள். தூறலில் வண்டி வந்து நின்றது. கதவு திறந்ததும் யாரும் ஏறுவதற்கு முன்னால் கருவி ஒருமுறை 'பீப்' என்றது. வரிசையில் முதலில் நின்றவள் அவள்தான். அவள் கை இன்னும் கோட்டுப் பையில் இருந்தது.

கைபேசியைப் பார்த்தாள். நெவில், மூன்று நாற்பது, சந்தை நிறுத்தம்.

தன் அட்டையைத் தட்டினாள். அவளைப் பார்த்ததும் ஓட்டுநர் தாரிக்கின் முகம் மாறியது. அன்று மாடியேறிப் பார்த்தவன் அவன்தான். இறுதிச் சடங்குக்கும் வந்திருந்தான்.

"மேலயா போறீங்க அக்கா? கீழயே சூடா இருக்கு, உக்காருங்களேன்."

"மேலதான் தம்பி. மெஷின் தானா சத்தம் போடுதே, அது எப்பவும் இப்படித்தானா?"

"இந்த நிறுத்தத்துல மட்டும்." அவன் கண்ணாடியைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். "மெஷினை ரெண்டு தரம் மாத்திட்டாங்க. நான் இப்பல்லாம் புகார் எழுதிக் குடுக்கிறதில்ல."

மாடியில் பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் நின்றுகொண்டுகூட வந்தார்கள். முன்வரிசை மட்டும் காலி.

"அங்க உக்காராதீங்க, ஜில்லுனு இருக்கும்," என்றாள் ஒரு சிறுமி.

"பின்னாடி உக்காந்தா நீங்க பண்ற சத்தத்துல காது போயிடும்," என்றாள் ரோவீனா. சிறுமி சிரித்தாள். ஆனால் கிட்டே வரவில்லை.

வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். முன்கண்ணாடி முழுக்க மூச்சாவி படிந்திருந்தது. இடப்பக்கத்தில் மட்டும் ஓர் உள்ளங்கையளவு துடைத்துவிட்டிருந்தது, உயரமான ஓர் ஆள் உட்கார்ந்தால் கண் வருகிற இடத்தில். அது மறுபடி மூடவே இல்லை. தன் பக்கத்தில் அவளும் ஒரு வட்டம் துடைத்துக்கொண்டாள். ஆலைப் புகைபோக்கி போயிற்று. கல்வீடுகள் போயின. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கீழிருந்து "தேங்க்ஸ், டிரைவர்", "தேங்க்ஸ், டிரைவர்" என்று கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு மலைமேட்டின் இருட்டு மட்டும்.

"நெவில்," என்றாள், பக்கத்து இருக்கையைப் பாராமல். "இன்னிக்கு எங்கூட இறங்கணும். நாளைக்கு இந்தக் கார்டு செல்லாது. அடம் பிடிக்காத."

கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றபோது அவள் எழுந்து படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். அவளுக்கு மேலே, உச்சியிலிருந்து இரண்டாவது படி முனகியது. பிறகு மூன்றாவது.

திரும்பிப் பார்க்கவில்லை. கதவருகே வலது கையுறையிலிருந்து அட்டையை எடுத்துத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"நன்றி தம்பி."

"பாத்துப் போங்க அக்கா," என்றான் தாரிக். அவன் பார்வை அவள் தோளுக்கு மேலே இருந்தது. அவள் இறங்கிய பிறகும் கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தான்.

கைபேசியில் அந்த வரி நிறைந்திருந்தது. நெவில். ஏறிய இடம்: சந்தை நிறுத்தம். இறங்கிய இடம்: ஸ்டோன்ஷா. ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். காற்று அவளைத் தாண்டி, யாரோ பழகிய வழியில் நடப்பதுபோல, புல்மேட்டைப் பார்த்து ஏறிப்போயிற்று.

"போயிட்டு வா," என்றாள்.

வண்டி வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அதில்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கையாட்டிக்கொண்டே ஓடினாள். தாரிக் ஒரு கணம் வேகத்தைக் குறைத்து அவளை நேராகப் பார்த்தான். பிறகு, ஏற வேண்டியவர் ஏறியாயிற்று என்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான். மாடியின் முன்கண்ணாடியில், வலப்பக்கத்தில், அவள் துடைத்துவைத்த வட்டம் தெரிந்தது. அதற்குள் சிவப்பாக ஏதோ இருந்தது.

கை தலைக்குப் போயிற்று. தொப்பி தலையில்தான் இருந்தது.

கைபேசியை மறுபடி எடுத்தாள். நெவிலின் வரிக்குக் கீழே இன்னொரு வரி. ரோவீனா. ஏறிய இடம்: சந்தை நிறுத்தம். இறங்கிய இடம்: வெறும் கோடு. இடது கையுறைக்குள் அட்டை தட்டப்படாமல் அப்படியே உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம். நிழற்குடைக்குள் உட்கார்ந்து பெவர்லியை அழைத்தாள்.

"பெவ், என் கார்டை எங்க வைப்பேன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஏன் அண்ணி, தொலைச்சிட்டியா?"

"இல்ல. கையிலதான் இருக்கு." பள்ளத்தாக்கில் வண்டியின் விளக்கு சிறுத்துக்கொண்டே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிலேர்ந்து பிஸ்கட் டப்பாவுல வைக்கிறேன். நல்லா ஞாபகம் வச்சுக்கோ. ஒருநாள் நீதான் அதை எடுத்துக்கிட்டு மூணு நாப்பது வண்டிக்கு வரணும்."