அரை விரல் தாண்டிய சிவப்பு

தன் வலது கைக்குத் துணி வியாபாரி ஒருவர் வைத்திருந்த விலை: கடை, கடையிலிருக்கும் சரக்கு, இலவச இணைப்பாக மச்சான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே நூல் எது, கலப்பு எது என்று சொல்லிவிடும் கை. மீட்டருக்கு அரை விரல் குறைத்து அளப்பதும் அதே கைதான். அதனால் கடைத்தெருவில் அவருக்குப் பெயரே அரைவிரல்.

அந்தக் கையில், துணிக்கட்டிலிருந்த குண்டூசி ஏறிவிட்டது. மறுநாளே புறங்கை பன் மாதிரி உப்பி, சிவப்பு மணிக்கட்டைத் தொட்டது. டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கறுப்புப் பேனாவால் கோடு இழுத்தார்.

“இந்தக் கோட்டத் தாண்டினா உடனே வாங்க. கைய கீறிப் பாக்க வேண்டி வரலாம்.”

கீறுவது மட்டும்தான் அரைவிரலின் காதில் விழுந்தது. கத்தி நரம்பில் பட்டால் அந்தக் கைக்குப் பட்டும் சாக்கும் ஒன்றாகிவிடாதா?

சாயங்காலம் சிவப்பு கோட்டை அரை விரல் தாண்டியிருந்தது. அரைவிரல் கதவைச் சாத்தினார். சோப்புப் போட்டுப் பழைய கோட்டை அழித்தார். இடது கையால் பேனா பிடித்து, சிவப்புக்கு வெளியே தாராளமாக ஒரு கோடு போட்டார். அளவில் அவர் கூடுதல் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

டீயோடு வந்த மனைவி கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அவங்க கறுப்புல போட்டாங்க. இது எப்படிங்க நீலமாச்சு?”

“காஞ்சா நீலமாயிடும்.”

“இந்த அளவையெல்லாம் கடைக்கு வர்றவங்ககிட்ட வச்சுக்கங்க. கிருமிகிட்ட செல்லாது. செருப்பப் போடுங்க!”

டாக்டரம்மா நீலக் கோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. காய்ச்சல் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார், ஊசி ஏறிய இடத்தை அழுத்தினார்.

“காய்ச்சல் இல்ல, விரல் நல்லா மடங்குது. மருந்து வேலை செஞ்சாலும் முதல் நாள் கொஞ்சம் பரவும். ஆனா என்னை ஏமாத்தப் பாத்தீங்களே, அதுதான் தப்பு.”

“அப்ப கிருமி ஜெயிக்கலியா?”

“இந்தச் சிவப்பு உங்க ஆளுங்களோட வேலை ஐயா. தோலுக்குள்ளயே சில செல்லுங்க காவலுக்குக் குடியிருக்கு. கிருமி நுழைஞ்சதும் அதுங்க கூச்சல் போடும். ரத்தக்குழாய் அகலமாகி வழி விடும். வெள்ளணு கூட்டமா இறங்கி கிருமிய முழுங்கும். அந்தக் கூட்டந்தான் வீக்கமும் சூடும்.”

“முழுங்கிட்டு?”

“பெரும்பாலும் அந்த வெள்ளணுவும் செத்துப்போகும். இதோ, இங்க சீழா தேங்கிக் கிடக்கு.”

மரத்துப்போக ஓர் ஊசி. பிறகு சின்னக் கீறல்தான். சீழ் மஞ்சளாக வழிந்தது. அதுவரை சீழ் என்றாலே அழுக்கென்று நினைத்திருந்த அரைவிரல் வாய் பிளந்து பார்த்தார்.

“இவ்வளவு பேரா? கூலி கேக்காமலா?”

டாக்டரம்மா கட்டுப் போட்டு, சிவப்பின் ஓரத்தில் மறுபடி கறுப்புக் கோடு இழுத்தார். “இது என் கோடு. தொடக்கூடாது.”

மறுநாள் காலையில் சிவப்பு கோட்டுக்குள் பின்வாங்கியிருந்தது. மனைவி விரல் வைத்துப் பார்த்தாள். சரியாக அரை விரல். அரைவிரல் நம்பாமல் இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். பிறகு கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல் நுனிகளால் மேசைவிரிப்பைத் தடவினார்.

“பருத்தின்னு சொன்னே, பாதி பாலியெஸ்டர். எவன் உன் தலையில கட்டினான்?”

“நீங்கதான். உங்க கடைச் சரக்கு.”

அரைவிரல் வயிறு குலுங்கச் சிரித்தார். கை பிழைத்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் மனசுக்குள் கணக்கு ஓடியது. தாண்டியது அரை விரல், திரும்பியது அரை விரல், அது நேர். வரவு, ஒரு கை. செலவு, எண்ண முடியாத வெள்ளணுக்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது மட்டும் பாக்கி.