கொஞ்சம் பொறுத்துக்குங்க

"ஏனுங்கப்பா, சும்மா குடுக்கறவங்களுக்கு நாம திருப்பி என்னத்தக் குடுக்கறது?" பத்து வயதில் இளவேனில் கேட்டாள், இதே லேப்டாப்பில், கம்ப்யூட்டரை இயக்க இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நான் முதன்முதலாக ஏற்றிய அன்று... தெரியலையே கண்ணு என்றேன், பிறகு அவளே ஒரு வழி கண்டாள், கல்லூரியில் சேர்ந்ததும் லினக்ஸின் ஆங்கில வரிகளைத் தமிழாக்கி அனுப்பினாள், கூலி கிடையாது, பெயரும் வராது, கம்ப்யூட்டரும் மரியாதையாகப் பேசட்டுமே என்பாள், நான் எழுதறத ஏத்துக்குவாங்களான்னுதான் தெரியலைங்கப்பா என்பாள்... ஆடியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று, நான் மட்டும் துடியலூர் வீட்டில் அதே லேப்டாப்பின் முன்னால், புது லினக்ஸ் இருக்கும் பென்டிரைவைச் செருகிக்கொண்டு. 'வட்டை அழித்து நிறுவு.' ஒரே சொடுக்கு, உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அவள் படங்களை எடுத்துவைத்தாயிற்று, பிறகென்ன தயக்கம், திறந்ததும் வருகிற அவள் பெயரா... கர்த்தரே, இதை இத்தனை சுலபமாகவா வைத்திருக்க வேண்டும்?

அடுத்த வீட்டு நஞ்சம்மாளின் மகள் மானசாவுக்குக் கல்லூரிப் பாடத்துக்குக் கம்ப்யூட்டர் இல்லை, கேட்கவில்லை, கேட்கிறவர்களும் அல்ல. இளவேனில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் நஞ்சம்மாள் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்தார், "புள்ளைக்குப் பசிக்குமுங்ணா" என்பதற்கு மேல் ஒரு பேச்சில்லை. கடைசியாகக் கஞ்சி வந்த தூக்குப்போசி இன்னும் என் அடுப்படியிலேயே இருக்கிறது, வெறும் போசியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை, ஆனால் அந்தக் கஞ்சிக்கு ஈடாக எதைப் போட்டுக் கொடுப்பது...

அழுத்தினேன். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை திரையில் நகர்ந்தது, அதன் கீழே ஒரு வரி: "கொஞ்சம் பொறுத்துக்குங்க, இப்ப ஆயிருமுங்க." வேறு யார் இப்படி எழுதுவார்கள், அவளேதான், ஆஸ்பத்திரியில் நான் அழுதபோதும் இதையேதான் சொன்னாள்... அனுப்பிய தமிழைத் திருத்துகிறவர் எவரோ, முகம் தெரியாத மனிதர், மாற்றாமல் விட்டிருக்கிறார், அவர் நன்றாக இருக்கட்டும். பெயர் கேட்ட இடத்தில் கை 'இள' வரை போய்த் திரும்பியது, மானசா என்று அடித்தேன். பட்டை நிறைந்தது, வரி மறைந்தது. அதை மறுபடி பார்க்க வேண்டுமானால்... இன்னொரு கம்ப்யூட்டரை அழிக்க வேண்டுமா?

நஞ்சம்மாள் வீட்டார் காரமடைக் கோயிலுக்குப் போயிருந்தார்கள், சாவி எப்போதும்போல் என்னிடம். உள்ளே போய் லேப்டாப்பை அவர்கள் மேசைமேல் வைத்தேன், பக்கத்தில் போசி, அது நிறையச் சர்க்கரை. பூட்டிவிட்டு வந்து அடுப்படியில் நின்றேன், போசி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம், இதுதானா கண்ணு நீ அன்னைக்குக் கேட்டது... துணியை எடுத்தேன், துடைக்கவில்லை.