கேள்விக்குறி போட்ட பத்துப் பங்கு

ஸ்பூனில் கொடுத்த தண்ணீர் பாதி கடைவாயில் வழிந்துவிட்டது. மகள் துண்டால் துடைத்தாள். அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கணக்கு முடிஞ்சுதா, பாப்பா?"

பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "ஒரு எடத்துல நிக்குதுப்பா," என்றாள்.

"எங்கன்னு தெரியும். உங்கம்மாகிட்டயே கேளு."

இன்றைய பொழுதைத் தாண்டாது என்று காலையில் வந்த டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பங்கு வாங்கி விற்ற கணக்கைக் கம்ப்யூட்டரில் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றில் வைத்திருந்தார். வரிக்கு வரி தேதி, கம்பெனி, எத்தனை பங்கு, என்ன விலை. சின்ன நிரல் ஒன்று அதைப் படித்து, விற்றதில் லாபம் எவ்வளவு, வரி எதற்குக் கட்டவேண்டும் என்று பிசகில்லாமல் சொல்லிவிடும். போன வருஷம் பெரிய டாக்டர் கை விரித்த வாரமே எல்லாப் பங்குகளையும் விற்றுவிட்டார். தனக்குப் பிறகு அம்மா இவற்றைக் கட்டிக்கொண்டு அழக்கூடாதாம். அந்த விற்பனைக்கான வரிக் கணக்கையும் முடித்துப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் மிச்சமிருந்த ஆசை.

கோப்பைப் படிக்கப் படிக்க மகளுக்குச் சுவாரசியம் தாளவில்லை. பக்கத்து அறையில் அப்பா கிடக்கும்போது இப்படியா என்று வெட்கமாகவும் இருந்தது. ஓரங்களில் குறிப்பு எழுதியிருந்தார். 'ஊரார் பேச்சைக் கேட்டு வாங்கியது. புத்தி வேண்டும்.' 'பாப்பா வேலைக்குச் சேர்ந்த நாள். சந்தோஷத்தில் ஐந்து அதிகம்.' பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வரியில் மட்டும் விலை இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறி. பத்துப் பங்கு. 'அவள் வாங்கியது. விலை சொல்ல மாட்டேன் என்கிறாள்.' நிரல் முரண்டு பிடித்தது அங்கேதான். வாங்கிய விலை தெரியாமல் லாபமா நஷ்டமா என்று அது எப்படிச் சொல்லும்?

அம்மா சமையலறையில் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பத்துப் பங்கு என்ன விலைக்கும்மா வாங்குன?"

"மறந்துபோச்சு."

"பால் கணக்குல ஒரு நாள் விட்டவ இல்ல நீ. உனக்கா மறந்துபோச்சு?"

அம்மா குழாயை மூடினாள். பிறகு மேல் தட்டிலிருந்து பிரஷர் குக்கரின் உத்தரவாத அட்டையை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த ரசீதை உருவினாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட உக்காந்தா உங்கப்பாவுக்கு அந்தக் கம்பெனிப் புராணம்தான். சொல்லாம வாங்கிக் குடுத்து அசத்தலாம்னு தையல் காசுல வாங்கினேன். மறுவாரம் விழுந்துச்சு பாரு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல. எந்த ஏமாளி இந்த வெலைக்குப் போய் வாங்கினான்னு பேப்பரப் பாத்துச் சிரிக்கிறாரு. பங்கக் குடுத்துட்டேன், வெலைய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"இனிமே நேரம் இல்லம்மா."

"தெரியும்டி."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க. நானூத்திப் பன்னெண்டு."

மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மகள் நினைத்தாள். அப்புறம் உதடு அசைந்தது.

"அரை," என்றார் அப்பா.

அம்மா ரசீதைப் பிரித்தாள். மகளும் எட்டிப் பார்த்தாள். 412.50. எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்ன டிக். தான் சரிபார்த்த எந்தச் சீட்டிலும் அப்பா போடும் டிக்தான். மங்கி, காகிதத்தோடு காகிதமாகிப் போயிருந்தது. என்றைக்கோ எடுத்துப் பார்த்திருக்கிறார். திரும்ப அதே அட்டைக்குள் வைத்துவிட்டு, கோப்பில் இருந்த கேள்விக்குறியையும் அப்படியே விட்டிருக்கிறார்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தன வருஷமா கேட்டீங்களா?" என்றாள் அம்மா. குரலில் கோபம்தான் இருந்தது. அவருடைய வாயோரம் லேசாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்பா என்று மகளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே மூச்சு அடங்கிவிட்டது.

சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் போன் செய்து முடித்து மகள் மேஜைக்கு வந்தபோது அம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

"வெலையப் போட்டுட்டியா?"

மகள் கேள்விக்குறியை அழித்து எண்ணைப் போட்டாள். இந்த முறை நிரல் முரண்டு பிடிக்கவில்லை.

"எவ்வளவு நஷ்டம்னு காட்டுது?"

"மூவாயிரத்து நூத்தி அறுவத்தஞ்சு. மத்த லாபத்துல கழிச்சுக்கலாம்மா, வரி கொறையும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா அந்த எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வாசல் மணி அடித்தது. ரசீதைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, கதவைத் திறக்கப் போனாள்.