அனார்கிரோஸின் பெயர் வாசிக்கப்பட்ட நாள்

இருபத்தாறு வருடங்களாக என் அண்ணன் ஸ்தமாத்திஸின் பெயரை எங்கள் தீவின் தேவாலயத்தில் யாரும் வாசித்ததில்லை. சுல்தானை எதிர்த்த விடுதலைப் போரில் செத்த மற்றவர்களின் பெயர்கள் வருடாவருடம் ஒலிக்கும். அண்ணன் பயத்தில் முந்திக்கொண்டு கப்பலுக்குத் தீ வைத்துவிட்டான் என்று எங்கள் கேப்டன் அனார்கிரோஸ் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கோழைக்கு ஜெபம் கிடையாது. அம்மா அந்த அவப்பெயரோடுதான் செத்தாள்.

நடந்தது எனக்குத் தெரியும். நானும் அங்கே இருந்தேன். தாரும் வெடிமருந்தும் நிரப்பிய பழைய கப்பலை சுல்தானின் போர்க்கப்பலோடு கொக்கி போட்டுப் பிணைக்க வேண்டும். எல்லோரும் பின்னால் கட்டிய படகில் இறங்கியபின் கேப்டன் தீ வைத்துவிட்டுக் கடைசியாகக் குதிப்பார். அதுதான் எங்கள் முறை. அன்று அண்ணன் முன்பக்கம் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். அனார்கிரோஸ் அதற்குள் தீயை வைத்துவிட்டுப் படகில் விழுந்தார்.

"கயித்த வெட்டுடா, மாந்தோஸ்."

"அண்ணன் இன்னும் மேலதான் இருக்கான், கேப்டன்."

"நீந்தி வந்துடுவான். வெட்டு."

வெட்டினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் கையில் துப்பாக்கி இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இருக்கவில்லை.

அந்தத் தீயில்தான் அவர் பெரிய ஆளானார். முதலில் கடற்படைத் தளபதி, தேசம் பிறந்ததும் மந்திரி. ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஊர்க்காரர்களே கடைத்தெருவில் வைத்து என் பல்லை உடைத்தார்கள். இந்த வசந்தத்தில் ராஜா அவரைப் பிரதமராக அழைத்தார். திங்கட்கிழமை ஏதென்ஸில் பதவியேற்பு. அதற்கு முந்தைய சனிக்கிழமை இறந்தோர் நாள். வீரர்களுக்கு அஞ்சலி செய்யத் தங்கச் சரிகைச் சட்டையோடு சொந்தத் தீவில் வந்திறங்கினார்.

அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவித்த கோதுமையில் மாதுளையும் சர்க்கரையும் கலந்த தட்டோடு, இறந்தவர்களின் பெயர் எழுதிய சீட்டும் வரும். உயிரோடிருப்பவன் பெயரை மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதி வாசித்துவிட்டால் கடல் அவனைத் தனக்கென்று எடுத்துவைத்துவிடும். அவனோடு படகேறுகிறவனையும் விடாது. தீவில் பிறந்த எவனும் இதைச் சிரித்துக்கொண்டு கேட்பதில்லை.

மெலேத்தியோஸ் பாதிரியாருக்கு எண்பது வயது. சீட்டை மூக்கருகே பிடித்து, காய்கறி விலை சொல்வதுபோல ஒரே மூச்சில் வாசிப்பார். என் சீட்டையும் அப்படித்தான் வாசித்தார்.

"ஸ்தமாத்திஸ், மாந்தோஸ், அனார்கிரோஸ்..."

தீவில் அந்தப் பெயர் வேறு யாருக்கும் இல்லை. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் நின்ற அனார்கிரோஸ் திரும்பவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது.

வெளியே வந்ததும் சிரித்தார். துறைக்குப் போகும்வரைதான் அந்தச் சிரிப்பு. ஏதென்ஸ் போகும் கப்பல் தூரத்தில் நின்றது. அவரை அதில் கொண்டுசேர்க்க வேண்டிய நாலு பேரும் படகைவிட்டு இறங்கிக் கல்லில் நின்றிருந்தார்கள். நாலு பேரும் எங்கள் தீவுக்காரர்கள்.

"கேப்டன், கோச்சுக்காதீங்க," என்றான் சுக்கான் பிடிக்கும் லெக்காஸ். "எனக்கு மூணு பொண்ணுங்க."

"நான் இந்த நாட்டுக்கே பிரதமர்டா!"

"நாட்டுக்குச் சரி. கடலுக்கு அது தெரியாதே."

அதட்டினார். சிறையில் போடுவேன் என்றார். கெஞ்சவும் செய்தார். நான் என் படகில் உட்கார்ந்து கோதுமை தின்றுகொண்டிருந்தேன். கடைசியில் என்னிடம் வந்தார்.

"எழுதினது நீதானே?"

"ஆமா. என் பேரையும் சேத்துத்தான். எனக்கென்ன பயம்? நான் கொண்டுபோய் விடறேன்."

"என்ன வேணும் உனக்கு?"

"அன்னிக்குத் தீ வச்சது யாருன்னு சொல்லுங்க. சத்தமா. பாதிரியாருக்குக் காது மந்தம்."

"கயித்த வெட்டினது நீ."

"அதையும் சேத்தே சொல்லுங்க."

காற்று திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கப்பலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முதலில் முணுமுணுத்தார். நான் அசையவில்லை. பிறகு கத்தினார்.

"நான்தான் வச்சேன்! ஸ்தமாத்திஸ் கொக்கி மாட்டிட்டிருந்தான். அவன் ஓடல. இவன் கயித்த வெட்டினான், நான்தான் வெட்டச் சொன்னேன். போதுமா?"

லெக்காஸ் தொப்பியைக் கழற்றினான். என் பல்லை உடைத்தவர்களில் ஒருவன் தரையைப் பார்த்தான். மெலேத்தியோஸ் பாதிரியார் அண்ணனின் பெயரை இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை மெதுவாக.

அனார்கிரோஸ் என் படகில் ஏறக் காலைத் தூக்கினார். நான் இடுப்புக் கத்தியை எடுத்துக் கரையோடு கட்டியிருந்த கயிற்றை வெட்டினேன். படகு மூன்று முழம் விலகியது. அவர் தடுமாறிப் பின்வாங்கினார்.

"மாந்தோஸ்! பேசினது என்ன, செய்யறது என்ன?"

"நீந்தி வந்துடுவீங்க, கேப்டன்."

துடுப்பைப் போட்டேன். நல்ல கயிறு, போன மாதம்தான் வாங்கியது. அவிழ்த்திருக்கலாம்.